கறவை மாடுகளில் மடிநோய்: மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாக்கள் உருவாவது எப்படி?

புது தில்லி: பால் உற்பத்தியில் உலகில் முதலிடம் வகிக்கும் இந்தியாவில், 2023-24-ஆம் ஆண்டில் 23.93 கோடி டன் பால் உற்பத்தி செய்யப்பட்டது. இதில் பெரும் பகுதி, சில மாடுகளை மட்டுமே வளர்க்கும் சிறு விவசாயிகளிடமிருந்து வருகிறது. அவர்களது வருவாயைக் குலைக்கும் முக்கிய நோய்களில் ஒன்று மடிநோய். பரிசோதனையின்றி இந்நோய்க்கு அளிக்கப்படும் ஆன்டிபயாடிக் மருந்துகள், அம்மருந்துகளுக்கே கட்டுப்படாத பாக்டீரியாக்கள் பெருக வழிவகுக்கின்றன.

நோய் எவ்வாறு தொற்றுகிறது?

பால் கறந்த பிறகு காம்பின் துளை மூடிக்கொள்ளச் சுமார் அரை மணி நேரம் ஆகும். அதற்குள் மாடு அசுத்தமான தரையில் படுத்தால், சாணத்தில் உள்ள ஈ.கோலை போன்ற பாக்டீரியாக்கள் மடிக்குள் நுழைகின்றன. ஸ்டெபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா, கறப்பவரின் கைகள், மடி துடைக்கும் துணி, கறவை இயந்திரம் ஆகியவற்றின் மூலம் ஒரு மாட்டிலிருந்து மற்றொன்றுக்குப் பரவுகிறது.

நோய் தீவிரமடைந்தால் மடி வீங்கிச் சூடாகும். பால் திரிந்தோ, இரத்தம் கலந்தோ வரும். எனினும், வெளிப்படையான அறிகுறியற்ற மடிநோயே அதிகம். அப்போது பால் இயல்பாகவே தோன்றும். அளவு மட்டும் குறையும்.

மருந்து ஏன் பலனளிப்பதில்லை?

ஸ்டெபைலோகாக்கஸ் ஆரியஸ் மடியின் செல்களுக்குள் பதுங்கக்கூடியது. தன்னைச் சுற்றிப் பிசின் போன்ற படலத்தையும் உருவாக்கும். இதனால் மருந்து போதிய அளவில் அதனைச் சென்றடைவதில்லை. அதன் சில வகைகள் பெனிசிலினைச் சிதைக்கும் நொதியையும் சுரக்கின்றன.

வீக்கம் வடிந்தவுடன் சிகிச்சையைப் பாதியில் நிறுத்தினால், மருந்தைத் தாக்குப்பிடித்தவை எஞ்சிப் பெருகுகின்றன. அந்தத் திறனுக்கான மரபணுக்களைப் பிற பாக்டீரியாக்களுக்கும் அவை கடத்தக்கூடும். நோய்க்குக் காரணமான பாக்டீரியா எது என்று அறியாமல் மருந்துகளை மாற்றி மாற்றிச் செலுத்துவதும் இதே விளைவைத் தரும்.

மனிதர்களுக்கு என்ன பாதிப்பு?

பாலைக் காய்ச்சினால் பாக்டீரியாக்கள் அழியும். ஆனால், மருந்து எச்சம் முழுமையாக நீங்காது. அத்தகைய பாலில் தயிர் சரியாகத் தோயாமலும் போகலாம். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு ஆய்வில், 6,432 பால் மாதிரிகளில் 77-இல் ஆன்டிபயாடிக் எச்சம் அனுமதிக்கப்பட்ட அளவைக் கடந்திருந்தது.

மருந்து செலுத்திய பிறகு குறிப்பிட்ட காலத்துக்குப் பாலை விற்கக் கூடாது. அக்காலம் உறுதி செய்யப்படாத மருந்துகளுக்குக் குறைந்தது 7 நாள்கள் காத்திருக்க வேண்டும் என 2012-இல் மத்திய அரசு விதி வகுத்தது. அன்றாடப் பால் விற்பனையையே நம்பியுள்ள குடும்பத்துக்கு இது பெரும் இழப்பு. விதி மீறப்படுவதற்கும் இதுவே ஒரு காரணமாகிறது.

மனிதர்களுக்குக் கடைசிக்கட்ட மருந்தாகப் பயன்படும் கொலிஸ்டினை, உணவுக்காக வளர்க்கப்படும் விலங்குகளுக்கு அளிக்க 2019 ஜூலையில் மத்திய அரசு தடை விதித்தது.

தடுப்பு வழிகள்

* கறப்பதற்கு முன் கைகளையும் மடியையும் கழுவித் துடைத்தல். முதல் பீச்சுப் பாலைத் தனிக் கிண்ணத்தில் கறந்து, திரிதிரியாக உள்ளதா எனப் பார்த்தல்.
* கறந்த பின் அயோடின் கரைசலில் காம்புகளை நனைத்தல்; உடனே தீவனம் வைத்து மாட்டை நிற்கச் செய்தல்.
* அறிகுறியற்ற நோயை அறிய, கலிபோர்னியா மடிநோய்ப் பரிசோதனையைக் கொட்டகையிலேயே செய்தல்.
* நோயுற்ற மாட்டைக் கடைசியாகக் கறத்தல்.
* பால் மாதிரியை ஆய்வகத்தில் சோதித்து, கால்நடை மருத்துவர் பரிந்துரைக்கும் மருந்தை முழுக் காலமும் அளித்தல்.

சோற்றுக் கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு ஆகியவற்றை அரைத்து மடியின் மேல் பூசும் மரபுவழிச் சிகிச்சையைத் தேசிய பால்வள மேம்பாட்டு வாரியம் ஊக்குவித்து வருகிறது. ஆன்டிபயாடிக் பயன்பாட்டைக் குறைப்பது இதன் நோக்கமாகும். எனினும், மாட்டுக்குக் காய்ச்சல் கண்டாலோ, தீவனம் எடுக்காவிட்டாலோ தாமதமின்றிக் கால்நடை மருத்துவரை அணுகுவது அவசியம்.