சிற்றப்பன்

சென்ற வாரம் அருப்புக்கோட்டைப் பேருந்து நிலையத்தில் ஒரு சிறுவன் தன் தந்தையின் தம்பியை "அங்கிள்" என்று கூவி அழைத்தான். அழைக்கப்பட்டவரும் முகமலர்ச்சியோடு திரும்பினார். ஆங்கிலம் கற்றுப் பிழைக்கும் நமக்கு அப்பாஷையின்மேல் துவேஷம் கிடையாது. ஆயினும் அச்சிறுவன் கைநழுவ விட்டது இன்னதென்று அவனுக்கு யாரேனும் எடுத்துரைக்க வேண்டாமா?

சிறு என்பதும் அப்பன் என்பதும் புணர்ந்து சிற்றப்பன் ஆயின. காற்று என்பது பேச்சில் காத்து ஆவது போலச் சிற்றப்பா சித்தப்பா ஆயிற்று. சித்தம் என்னும் வடசொல்லுக்கும் இதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. கவனிக்கத்தக்க விஷயம் வேறு. இச்சொல் அவரை அப்பனுக்குத் தம்பி என்று கூறவில்லை. அப்பன் என்றே கூறுகிறது. வயதில் இளைய அப்பன், அவ்வளவே. அவர் மக்கள் நமக்கு அண்ணன் தம்பிமார், அக்காள் தங்கைமார். மாமன் மக்களோ முறைக்காரர். ஆங்கிலச் சொல் மாமனையும் சிற்றப்பனையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறது. மாமன் மகளை மணப்பது நம்மவரிற் பலருக்கு வழக்கம். சிற்றப்பன் மகளோ தங்கை. 1955-ஆம் வருஷத்து இந்து விவாகச் சட்டம் இவ்விரு மணங்களையும் விலக்கிவிட்டு, வழக்கம் உள்ளவிடத்து மட்டும் அனுமதிக்கிறது. அவ்வழக்கம் எதற்கு உண்டு, எதற்கு இல்லை என்பதை நமது சொற்களே காட்டிவிடுகின்றன.

அமெரிக்காவில் மார்கன் என்றொருவர் இருந்தார், அவரும் வக்கீல்தான். அந்நாட்டு இரக்குவா பழங்குடியினரும் தந்தையின் சகோதரனைத் தந்தை என்றே அழைப்பதைக் கண்டு, தமிழர் உறவுப் பெயர்களோடு ஒப்பிட்டு 1871-இல் ஒரு பெருநூல் வெளியிட்டார். அக்குடியினர் ஆசியாவிலிருந்து வந்தவர் என்பதற்கு அவர் இதனைச் சான்றாக்கிய வாதம் நிற்கவில்லை. ஒப்புமை நிற்கிறது.

வெறும் பெயர்தானே என்பார்க்கு ஒரு திருச்சுழிக் குடும்பத்தின் கதையைச் சொல்வோம். அவ்வூரில் வக்கீலாயிருந்த சுந்தரமய்யர் 1892-இல் காலமானார். மனைவி அழகம்மாளும் சிறு பிள்ளைகளும் நின்றனர். மழை பொய்க்கும் அச்சீமையில் தகப்பனை இழந்த பிள்ளைகள் செல்லுமிடம் எது என்று எவரும் கேட்பதில்லை. மூத்தவர் இருவரும், நாகசாமியும் வேங்கடராமனும், மதுரையில் சிற்றப்பன் சுப்பையர் வீட்டில் வளர்ந்தனர். அழகம்மாளும் இளைய பிள்ளைகளும் மானாமதுரையில் மற்றொரு சிற்றப்பனாகிய நெல்லையப்பையரிடம் சேர்ந்தனர். நம் 1956-ஆம் வருஷத்துச் சட்டம் இளவருக்கு இயற்கைப் பாதுகாவலராகத் தந்தையையும், அவருக்குப்பின் தாயையும் குறிக்கும், சிற்றப்பனைக் குறிக்காது. சட்டம் எழுதாத அக்கடமையை அவ்விருவர்மேல் சுமத்தியது எது? நாம் அறிந்தவரையில், பிள்ளைகள் வாயில் வழங்கிய அச்சொல்தான்.

அவ்வேங்கடராமனே பின்னாளில் ரமண மகரிஷி என உலகம் அறிந்தவர். சுப்பையர் வீட்டு மாடியில்தான் 1896-இல் அவருக்கு மரணபயமும் அதன் தெளிவும் நேர்ந்தன. சொக்கப்ப நாயக்கர் தெருவிலுள்ள அவ்வீடு இன்று ரமண மந்திரமாய் இருக்கிறது. அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் வீட்டைவிட்டு அகன்றபோது, தம் தகப்பனாரைத் தேடிச் செல்வதாகச் சீட்டெழுதி வைத்துப் போனார். அவர் கருதிய தகப்பனார் அருணாசலேசுவரர். வீட்டிலிருந்த அப்பனுக்கு அச்சீட்டைப் படித்தபோது எவ்வாறிருந்திருக்கும்!

சுப்பையர் 1898-இல் இறந்தார். பிள்ளை திருவண்ணாமலையில் இருக்கும் செய்தி அப்போதுதான் குடும்பத்திற்கு எட்டியது. உடனே புறப்பட்டவர் நெல்லையப்பையர். வழக்காடிப் பழகிய அவர் மாந்தோப்பில் மௌனமாய் வீற்றிருந்த தமையன் மகனிடம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார், பதில் வரவில்லை. தனியே மானாமதுரைக்குத் திரும்பி, பிள்ளையைக் கண்டு வந்ததை அண்ணியாரிடம் தெரிவித்தார்.