இடுப்பு வலியும் கைச்சிகிச்சையும்

திருவக்கரையைச் சூழ்ந்த செம்மண் நிலங்களில் மணிலாக்கொட்டை பிடுங்கும் பருவத்திலும், சங்கராபரணி நதியோர வயல்களில் நாற்று நடும் பருவத்திலும், நாள் முழுதும் குனிந்தே வேலை செய்ய வேண்டியிருக்கிறது. பருவத்தின் நடுவே ஓர் ஆள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் அவருக்குக் கூலி நஷ்டம். நிலத்துக்காரருக்கு வேலை நஷ்டம்.

காரணம் யாதெனில், முழங்காலை மடக்காமல் குனியும்போது உடலின் மேற்பாரம் இடுப்புத் தசைகள்மீதும், முள்ளெலும்புகளுக்கு இடையேயுள்ள வட்டுகள்மீதும் இறங்குகிறது. தசை மட்டும் இறுகினால் வலி பெரும்பாலும் இடுப்பளவில் நிற்கும். வட்டுப் பிதுங்கி நரம்பை அழுத்தினாலோ, பிட்டத்திலிருந்து காலுக்கு இறங்கும். மல்லாந்து படுத்து, நீட்டிய காலை உயர்த்த முயன்றால் அதிகரிக்கும்.

சித்த வைத்தியத்தில் கைச்சிகிச்சைக்குத் தொக்கணம் என்று பெயர். தட்டல், இறுக்கல், பிடித்தல், அழுத்தல், இழுத்தல் முதலாக அது 9 வகைப்படும். உலக சுகாதார நிறுவனமும் 2023 ஆம் ஆண்டு வெளியிட்ட நெறிமுறைகளில், நாட்பட்ட இடுப்பு வலிக்கு உடற்பயிற்சியுடன் கைச்சிகிச்சையையும் ஏற்றுக்கொண்டது. எனினும் கையினால் கிடைக்கும் சுகம் நெடுநாள் நிற்பதன்று. அச்சுகம் இருக்கும்போதே நடந்து, உடலை அசைத்துப் பழகுவோருக்கே பயன் நிலைக்கும். நாட்கணக்கில் படுத்திருத்தல் கெடுதலே.

சாதாரணப் பிடிப்புக்கு வீட்டில் செய்யத்தக்கது எளிது. இளஞ்சூட்டு ஒத்தடம் கொடுத்து, வயிற்றின்கீழ்த் தலையணை வைத்துக் குப்புறப் படுக்கவேண்டும். மற்றொருவர் முதுகெலும்பைத் தொடாமல், அதன் இருபுறத் தசைகளையும் உள்ளங்கையால் நிதானமாக அழுத்தவேண்டும். பின்னர் மல்லாந்து, ஒவ்வொரு முழங்காலாக மார்பை நோக்கி மெல்ல இழுத்து விடவேண்டும். வலி மிகுந்தால் நிறுத்திவிடுவதே முறை. முதுகின்மேல் ஆளை ஏற்றி மிதிக்கச் செய்வதும், இடுப்பை வெடுக்கென்று முறுக்குவதும் ஆபத்தாகும்.

கால் மேன்மேலும் பலமிழந்தாலும், தொடைகளின் நடுவே மரத்துப்போனாலும், மலஜலம் கட்டுப்பாடின்றிப் போனாலும் அன்றைக்கே முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைக்கோ புதுவை ஜிப்மருக்கோ கொண்டு செல்லவேண்டும். கீழே விழுந்த பின்னரோ, சுரத்துடனோ வரும் வலியை வைத்தியர் பாராமுன் பிடித்துவிடலாகாது.

வருமுன் காப்பது நிலத்துக்காரர் கையில் இருக்கிறது. மண் ஈரமாயிருக்கையில் மணிலாப் பிடுங்கச் செய்தல், நீண்ட பிடியுள்ள களைக்கருவி வாங்கித் தருதல், மூட்டைகளைச் சிறிதாகக் கட்டுதல், ஆட்களுக்கு வேலையை மாற்றி மாற்றிக் கொடுத்தல் ஆகியவற்றுக்குச் செலவு சொற்பமே. 2021 ஆம் ஆண்டு தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில், வீட்டிற்கே வந்து செய்யும் இயன்முறைச் சிகிச்சையும் சேர்க்கப்பட்டது. நடக்கமாட்டாதவர் விவரத்தை ஆரம்ப சுகாதார நிலையத்திற்குத் தெரிவிப்பது கிராம உத்தியோகஸ்தர்கள் செய்யத்தக்க பேருதவியாகும்.