பொம்மை 8 டாலர்... வழிச்செலவு 32 டாலர்!

மேற்கு மாம்பலத்தில் எனக்கொரு நண்பர். பாங்க் ஆபீஸர். ரிடையராக இன்னும் நாலு வருஷம்தான் பாக்கி. ஆனால், ராத்திரி பத்து மணிக்கு மேல் அவருக்கு வயசு ஒன்பது! கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு, அமெரிக்காவில் யாரோ பரணிலிருந்து இறக்கி விற்கிற பழைய பொம்மைக் கார்களை ஏலம் கேட்டுக்கொண்டிருப்பார். மேட்ச்பாக்ஸ் கார்கள். லண்டனில் லெஸ்னி கம்பெனி 1953-ல் தீப்பெட்டி சைஸ் அட்டைப் பெட்டியில் போட்டு விற்க ஆரம்பித்ததே, அதே குட்டிக் கார்கள்தான்.

ஒருநாள் பால் டம்ளரோடு வந்த அவர் மனைவி திரையை எட்டிப் பார்த்தார்.

"என்னங்க, இது எவ்வளவு?"

"எட்டே எட்டு டாலர்தான். எழுநூறு ரூபாய் சொச்சம்."

"அப்ப கீழே முப்பத்திரண்டுனு போட்டிருக்கே, அது என்ன?"

"அது... இங்கே அனுப்பற செலவு."

"அந்தக் காசுக்கு நாம ரெண்டு பேரும் ராமேஸ்வரம் போய்ட்டு வந்துடலாமே!"

அம்மணி கேட்டதில் தப்பே இல்லை. ஸ்டாம்ப், நாணயம், கிராமபோன் தட்டு, காமிக்ஸ், பொம்மைக் கார் என்று எதைச் சேர்க்கிறவராக இருந்தாலும் சரி, வெளிநாட்டிலிருந்து வாங்கும்போது பொருளின் விலை என்பது சும்மா பந்தக்கால்தான். கல்யாணச் செலவு பின்னால் வருகிறது!

இந்த ஏலக் கூத்து ஆரம்பித்தது 1995-ல். ஈபே என்று பிற்பாடு பெயர் பெற்ற கடையை பியர் ஒமிட்யார் தொடங்கியபோது முதலில் விற்றது ஓர் உடைந்த லேசர் பாயின்ட்டர். விலை 14.83 டாலர். உடைந்ததையே வாங்க ஆள் இருக்கிறார் என்றால், உடையாததற்குக் கேட்கணுமா? 2004-ல் பாஸி டாட் காமை வாங்கிக்கொண்டு இந்தியாவுக்கும் வந்தது. 2018 ஆகஸ்ட்டில் இந்தியக் கடையை மூடிவிட்டார்கள். அன்றிலிருந்து நம்ம ஊர் சேகரிப்பாளர்களில் பலர் நேரே வெளிநாட்டு விற்பனைக்காரர்களிடமே கை நீட்ட வேண்டியதாயிற்று. நீட்டிய கை கொஞ்சம் நீளம்தான்... பத்தாயிரம் கிலோமீட்டர்!

சரி, தபால் செலவு ஏன் இப்படி எகிறுகிறது? முன்னெல்லாம் அமெரிக்காவிலிருந்து கப்பலில் பார்சல் வரும். ரெண்டு மாசம், மூணு மாசம் ஆகும். ஆனால் சல்லிசு. 2007 மே மாதத்தோடு அமெரிக்கத் தபால் துறை வெளிநாடுகளுக்கான அந்த சர்வீஸை நிறுத்திவிட்டது. அன்றிலிருந்து எல்லாமே ஆகாய மார்க்கம். அவசரமே இல்லாத பழைய புஸ்தகத்துக்குக் கூட விமான டிக்கெட்!

ஜப்பான்காரர்கள் இன்னும் கப்பல் தபாலை விடாமல் வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து வாங்குகிறவர்களுக்குப் பொறுமை இருந்தால் பாதிச் செலவு மிச்சம். பொறுமை இருப்பவர் ஏன் ஏலம் கேட்கப்போகிறார் என்பது வேறு விஷயம்.

தபாலில் வராமல் கூரியரில் வந்தால் இன்னொரு வேடிக்கை. அவர்கள் தராசில் நிறுப்பதோடு விடுவதில்லை. டேப்பை எடுத்து அளக்கவும் செய்கிறார்கள். பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்தால் வருவதுதான் கூரியர் கணக்கில் எடை. உங்கள் பொம்மை அரை கிலோதான். ஆனால், அது நசுங்கக் கூடாதே என்று விற்கிறவர் அக்கறையாக 40-க்கு 30-க்கு 30 பெட்டியில் பஞ்சும் காகிதமுமாக அடைத்து அனுப்பினார் என்று வைத்துக்கொள்ளுங்கள்... கணக்குப்படி 7.2 கிலோ! மிச்சம் ஆறே முக்கால் கிலோ அமெரிக்கக் காற்று. அதற்கும் சேர்த்துத்தான் கூலி. விவரம் தெரிந்தவர்கள் பணம் கட்டுவதற்கு முன்பே, "ஐயா, சின்னப் பெட்டியாப் பார்த்துப் போடுங்க" என்று விற்பவருக்கு ஒரு வரி எழுதிவிடுகிறார்கள்.

பார்சல் சென்னைக்கு வந்து இறங்கியதும் அடுத்த காட்சி. சுங்கம்!

இங்கேதான் பலருக்கும் மயக்கம். 'பொருளுக்குத்தானே வரி?' என்று நினைக்கிறோம். இல்லை. நம் நாட்டுச் சட்டப்படி பொருளின் விலை, இன்ஷூரன்ஸ், கொண்டுவந்த கூலி மூன்றையும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகைக்குத்தான் சுங்கம் போடுவார்கள். பிறகு சுங்கத்தையும் கூட்டி, அந்த மொத்தத்துக்கு ஜி.எஸ்.டி. வரிக்கு வரி! வட்டிக்கு வட்டி வாங்கும் சேட்டை நாம் இனிமேல் குறை சொல்லக் கூடாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். பொருள் 5,000 ரூபாய். வழிச்செலவு 1,000. ஆக 6,000. சுங்கம் 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 600. இப்போது 6,600. இதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. என்றால் 1,188. மொத்தம் 7,788 ரூபாய். வீட்டில் சொல்லும்போது மட்டும் அது 5,000 ரூபாய்ப் பொருள்!

இந்தச் சதவீதங்கள் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறுகிறவை. சொந்த உபயோகத்துக்கு வரவழைக்கும் பொருள்களின் சுங்கத்தை 20 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் குறைப்பதாக 2026 பட்ஜெட்டில் நிதியமைச்சர் அறிவித்தார். சேகரிப்பாளர்கள் வீட்டில் அன்றைக்குப் பாயசம் வைத்திருக்கலாம். ஆனாலும் ஆர்டர் போடுகிற அன்றைக்கு என்ன ரேட் என்று பார்த்துக்கொள்வது உத்தமம். போன வருஷம் வாங்கியவர் சொல்லும் கணக்கு இந்த வருஷம் செல்லாது.

இன்னொரு சமாசாரம் ரொம்பப் பேருக்குத் தெரியாது. விமானத்தில் வரும் சரக்குக்கு நிஜமான கூலி எவ்வளவு ஆகியிருந்தாலும், வரிக் கணக்கில் பொருளின் விலையில் 20 சதவீதத்துக்கு மேல் கூலி சேர்க்கக் கூடாது. 2007-ம் வருஷத்து மதிப்பீட்டு விதியிலேயே இது இருக்கிறது. அதாவது, 5,000 ரூபாய்ப் பொருளுக்கு 3,000 ரூபாய் வழிச்செலவு ஆகியிருந்தாலும் சுங்கக் கணக்கில் 1,000-தான் ஏற வேண்டும். ரசீது கைக்கு வந்ததும் இந்த ஓர் இடத்தை மட்டும் கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள். கூடுதலாக இருந்தால், கூரியர்க்காரரிடம் விதியைச் சொல்லிக் கேட்கலாம். கேட்பதற்குக் காசில்லை.

கூரியர்க்காரர் உங்கள் சார்பில் வரியைக் கட்டிவிட்டு, 'முன்பணம் கட்டிய கூலி' என்று தனியாக ஒரு தொகை கேட்பார். சின்னப் பொருளுக்கு வரியைவிட இந்தக் கூலி பெரிதாக இருப்பதும் உண்டு. ஆதாரோ பான் கார்டோ காட்டினால்தான் பார்சல் நகரும். பாங்க்கோ கிரெடிட் கார்டில் டாலரை ரூபாயாக்கித் தந்ததற்குத் தன் பங்கைக் கிள்ளிக்கொள்ளும். சுங்கத்துறையின் டாலர் விலை இன்னும் தனி. அதை அவர்களே அறிவிப்பார்கள். பேப்பரில் வரும் விலையை வைத்துக்கொண்டு வாதாடிப் பிரயோஜனமில்லை.

நம்ம மாம்பலம் நண்பருக்குக் கூடுதலாக ஒரு தலைவலி. அவர் வாங்குவது பொம்மையாயிற்றே! வெளிநாட்டு மலிவுப் பொம்மைகள் வந்து குவிகின்றன என்று 2020-ல் பொம்மைகளுக்கான சுங்கத்தை 20-லிருந்து 60 சதவீதமாக்கினார்கள். 2023-ல் அது 70 ஆனது. ஆக, அதிகாரி பார்சலை 'சொந்த உபயோகம்' என்ற தலைப்பில் எழுதுகிறாரா, 'பொம்மை' என்ற தலைப்பில் எழுதுகிறாரா என்பதில் இருக்கிறது பர்ஸின் ஆயுசு. அது மட்டுமா? 2021 ஜனவரி 1 முதல், 14 வயசுக்கு உட்பட்ட குழந்தைகள் விளையாடும் பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். 1960-ல் லண்டனில் வார்த்த காருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரைக்கு எங்கே போவது? நண்பர் இதற்கு ஒரு பதில் தயாராக வைத்திருக்கிறார். "ஸார், இதை வெச்சு விளையாடற குழந்தைக்கு வயசு ஐம்பத்தாறு!"

இவ்வளவையும் கேட்டதும் உங்களுக்கு ஒரு யோசனை தோன்றியிருக்கும். 'விற்கிறவர்கிட்டே சொல்லி, மேலே கிஃப்ட்னு எழுதச் சொல்லிட்டா?' எல்லோருக்கும் தோன்றுகிற யோசனைதான். தோன்றாதவர் இரண்டே பேர். ஒருவர் சுங்க அதிகாரி, இன்னொருவர் ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்.

2019 டிசம்பரிலேயே மத்திய அரசு இதற்குப் பூட்டுப் போட்டுவிட்டது. தபாலிலோ கூரியரிலோ 'அன்பளிப்பு' என்று சொல்லி வரியில்லாமல் எதையும் இறக்க முடியாது. விலக்கு இரண்டுக்குத்தான். ஒன்று, உயிர்காக்கும் மருந்து. இன்னொன்று... ராக்கி! ஆமாம், தங்கச்சி அண்ணனுக்குக் கட்டும் அதே ராக்கிக் கயிறுதான். அதிலும் கயிறுக்கு மட்டும்தான் விலக்கு, கூட வைக்கும் பரிசுக்குக் கிடையாது என்று அரசாங்க உத்தரவிலேயே விவரமாகச் சொல்லியிருக்கிறார்கள். ராக்கியைக் கட்டிக் காரை அனுப்ப யாரோ முயற்சி பண்ணியிருக்கணும்!

விலையைக் குறைத்து எழுதச் சொல்வதும் இதே ஜாதிதான். 200 டாலர் பொருளை 10 டாலர் என்று எழுதி அனுப்பி, வழியில் அது தொலைந்துபோனால், கைக்கு வரும் நஷ்டஈடும் அந்த 10 டாலரைப் பார்த்துத்தான். அதிகாரிக்கு சந்தேகம் வந்தாலோ, அவரிடமும் கம்ப்யூட்டர் இருக்கிறது. அதே கடையில் அதே பொருள் என்ன விலைக்குப் போகிறது என்று அவருக்கும் தேடத் தெரியும். பொய்யாக எழுதிய சரக்கைப் பறிமுதல் செய்யவும், அபராதம் போடவும் 1962-ம் வருஷத்து சுங்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. எழுதியவர் அமெரிக்காவில் நிம்மதியாகத் தூங்குவார். பார்சல் மேல் இருப்பது உங்கள் பெயர்.

இந்த அவஸ்தை நமக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். பிரிட்டனில் 15 பவுண்டுக்கு உட்பட்ட பார்சலுக்கு இருந்த வரி விலக்கு 2021 ஜனவரியில் போயிற்று. ஐரோப்பாவில் 22 யூரோ வரை இருந்ததும் அதே வருஷம் ஜூலையில் போயிற்று. அமெரிக்கர்கள்தான் 2016-லிருந்து 800 டாலர் வரை சுங்கமே கட்டாமல் ராஜாவாக வாங்கிக்கொண்டிருந்தார்கள். 2025 ஆகஸ்ட் 29-ம் தேதி அதற்கும் முற்றுப்புள்ளி. வரியை யார் வசூலிப்பது, எப்படிக் கட்டுவது என்று புரியாமல் பல நாட்டுத் தபால் துறைகள் அமெரிக்கப் பார்சலையே நிறுத்திவிட்டன. நம் தபால் துறையும் ஆகஸ்ட் 25 முதல் பெரும்பாலான பார்சல்களை நிறுத்தி, அக்டோபர் 15-ல்தான் மறுபடி திறந்தது. இங்கிருந்து ஸ்டாம்பும் பழைய சினிமாப் பாட்டுப் புஸ்தகமும் அனுப்பிக்கொண்டிருந்த சின்ன வியாபாரிகளுக்கு அந்த ஏழு வாரமும் திண்டாட்டம்தான்.

பழம் தின்று கொட்டை போட்ட சேகரிப்பாளர்கள் என்ன செய்கிறார்கள்? ஒரே விற்பனைக்காரரிடம் நாலு மாசம் பொறுத்து ஏழெட்டுப் பொருளாகச் சேர்த்து ஒரே பார்சலாக வாங்குகிறார்கள். முதல் அரை கிலோவுக்குத்தான் கூலி கொள்ளை. அதற்குமேல் ஏற ஏற, கிலோவுக்கு ஆகும் செலவு குறையும். பல பேரிடம் வாங்குகிறவர்கள் அமெரிக்காவில் ஒரு கிடங்கு முகவரியை வாடகைக்குப் பிடிக்கிறார்கள். டெலவேர், ஆரகன் மாதிரி விற்பனை வரியே இல்லாத மாநிலமாகப் பார்த்துப் பிடிப்பது அதில் சாமர்த்தியம். எல்லாம் அங்கே வந்து சேர்ந்ததும், பெரிய பெட்டிகளைத் தூக்கிப்போட்டுவிட்டு ஒரே பெட்டியில் அடைத்து அனுப்பச் சொல்கிறார்கள். காற்றுக்குக் கூலி கொடுக்கும் பாவம் தொலைகிறது.

கிராமபோன் தட்டு சேகரிக்கிறவர்கள் கதை இன்னும் உருக்கம். நம்ம தமிழ்ப் பட எல்.பி. தட்டுகளில் ஏராளமானவை கல்கத்தாவுக்குப் பக்கத்தில் டம் டம்மில் இருந்த கிராமபோன் கம்பெனி ஃபாக்டரியில் அச்சானவை. அங்கிருந்து கப்பலேறி மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் போய், அந்த ஊர்த் தமிழர் வீடுகளில் வருஷக்கணக்காகப் பாடியவை. இப்போது அந்த வீட்டுப் பேரன்கள் வலையில் போட்டு விற்கிறார்கள். இங்கே ஒருவர் அதை வாங்கி வரவழைத்தால், பிறந்த நாட்டுக்குத் திரும்பும் அந்தத் தட்டுக்கும் வாசலில் சுங்கம் உண்டு. தட்டைச் சுற்றி லேபிளில் 'மேட் இன் இந்தியா'. ரசீதில் இறக்குமதி வரி!

பழைய நாணயம் இதற்கும் மேலே ஒரு படி. லண்டன் ஏலத்தில் நம்ம ஊர்ப் பழங்காசு ஒன்றைப் பிடித்து, கூலி கொடுத்து, வரி கட்டி இங்கே கொண்டுவந்துவிடலாம். ஆனால் 1972-ம் வருஷத்து தொல்பொருள் சட்டப்படி, நூறு வருஷத்தைத் தாண்டிய நாணயம் தொல்பொருள். தனி ஆள் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. நாளைக்கு அதே லண்டனில் மூணு மடங்கு விலை கிடைத்தாலும் அந்தக் காசு இங்கேதான் இருந்தாகணும். வருகிற வழிக்கு டிக்கெட் விலை எக்கச்சக்கம். ரிட்டர்ன் டிக்கெட் கிடையவே கிடையாது.