பர்சனல் ட்ரெய்னர் வைத்துக்கொள்ளலாமா? பணம் கட்டும் முன் ஒரு பார்வை

ஜிம்மில் சேர்ந்த சில நாட்களிலேயே பலருக்கும் வரும் கேள்வி இது: "பி.டி. எடுத்துக்கிறீங்களா?" தனிப்பட்ட முறையில் ஒரு பயிற்சியாளர் கூடவே நின்று சொல்லித்தருவார் என்பார்கள். கட்டணம் ஜிம் சந்தாவைப் போலப் பல மடங்கு இருக்கும். இன்றே மூன்று மாதத்துக்குக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். மாஸ்டரிடம் எப்படி மறுத்துப் பேசுவது என்ற தயக்கத்திலேயே பலர் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள்.

அந்தத் தயக்கத்தை விட வேண்டும். பயிற்சியாளர் நீங்கள் காசு கொடுத்துப் பெறும் ஒரு சேவையைத் தருபவர். அவரைக் கேள்வி கேட்கும் உரிமையும், சேவை சரியில்லை என்றால் பணத்தைத் திரும்பக் கேட்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு.

யாருக்குத் தேவை?

பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பும், குறைந்தது 2 நாள் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். முதல் பாதிக்கு ட்ரெய்னர் தேவையே இல்லை. வேகமாக நடந்தால் போதும். தமிழக அரசு 2023 நவம்பரில் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் மாவட்டந்தோறும் 8 கி.மீ. நடைபாதை அடையாளம் காணப்பட்டிருக்கிறது. அதில் நடக்கச் செலவு எதுவும் இல்லை.

எடை தூக்குவது அப்படியல்ல. முதுகை எப்படி வைப்பது, மூச்சை எப்போது விடுவது, எவ்வளவு எடையில் தொடங்குவது என்பதை ஒருவர் பார்த்துத் திருத்த வேண்டும். ஆரோக்கியமான ஒருவர் இதைச் சில வாரங்களில் கற்றுக்கொண்டு தனியாகத் தொடரலாம். ஆண்டு முழுக்க ஆள் வைத்துக்கொள்ள வேண்டிய அவசியம் பெரும்பாலோருக்கு இல்லை.

இதய நோய், ரத்த அழுத்தம், சர்க்கரை, முதுகுத் தண்டுப் பிரச்சினை உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், புதிதாகத் தாயானவர்களும் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். காயத்துக்குப் பிந்தைய பயிற்சி பிசியோதெரபிஸ்ட்டின் வேலை. இன்சுலின் போடுபவர்களுக்கு உடற்பயிற்சியின்போது சர்க்கரை சட்டென்று இறங்கலாம் என்பதால், அதைப் பயிற்சியாளரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும்.

தகுதியை எப்படிப் பார்ப்பது?

மருத்துவரும் வழக்கறிஞரும் பதிவு செய்யாமல் தொழில் நடத்த முடியாது. உடற்பயிற்சியாளருக்கு அப்படியொரு கட்டாயப் பதிவு இந்தியாவில் இல்லை. ஆகவே விசாரிக்கும் பொறுப்பு நம் தலையில்தான் விழுகிறது. கட்டுமஸ்தான உடம்பு தகுதிச் சான்று ஆகாது. உடற்கல்வியியல் பட்டம், விளையாட்டு மற்றும் உடற்தகுதித் துறைக்கான திறன் கவுன்சிலின் சான்று, ஏ.சி.இ., ஏ.சி.எஸ்.எம்., என்.ஏ.எஸ்.எம். போன்ற பன்னாட்டுச் சான்றுகள் ஆகியவற்றில் ஏதேனும் இருக்கிறதா என்று கேளுங்கள். பன்னாட்டுச் சான்றுகளைக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்பதால் காலாவதித் தேதியையும் பாருங்கள். யாராவது மயங்கி விழுந்தால் சி.பி.ஆர். செய்யத் தெரியுமா என்றும் கேட்டுவிடுங்கள்.

அவர் உங்களிடம் என்ன கேட்கிறார் என்பதும் முக்கியம். நல்ல பயிற்சியாளர் முதல் நாளே உங்கள் நோய்கள், சாப்பிடும் மாத்திரைகள், பழைய அறுவை சிகிச்சைகள் பற்றி விசாரிப்பார். எதுவுமே கேட்காமல் எல்லோருக்கும் ஒரே டயட் சார்ட்டை நீட்டுபவரிடம் பணம் கட்டாதீர்கள்.

கவனிக்க வேண்டிய ஆபத்துகள்

அளவுக்கு மீறிய பயிற்சி: பழக்கமில்லாத உடம்பை முதல் நாட்களிலேயே வாட்டினால் தசைத் திசுக்கள் சிதைந்து, அதன் கழிவு சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். கடுமையான தசைவலி, வீக்கம், கருந்தேநீர் நிறத்தில் சிறுநீர் ஆகியவை இதன் அறிகுறிகள். இவை தெரிந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பயிற்சியின்போது நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், தலைச்சுற்றல் வந்தால், "இன்னும் ஒரு செட்" என்று யார் சொன்னாலும் நிறுத்திவிட வேண்டும். நெஞ்சுவலி என்றால் 108-ஐ அழையுங்கள்.

ஊசியும் மாத்திரையும்: அனபாலிக் ஸ்டீராய்டுகள் மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாதவை. ஆண்மலட்டுத்தன்மை, கல்லீரல் பாதிப்பு, இதயக் கோளாறு வரை இவை கொண்டுவிடலாம். அறுவை சிகிச்சையின்போது தாழும் ரத்த அழுத்தத்தை உயர்த்தக் கொடுக்கும் மெஃபென்டெர்மின் ஊசியை, களைப்பு தெரியாமல் எடை தூக்குவதற்காகச் சில ஜிம்களில் போட்டுக்கொள்கிறார்கள். உயிரோடு விளையாடும் வேலை இது. பயிற்சியாளருக்கு மருந்து பரிந்துரைக்கவோ ஊசி போடவோ எந்த அதிகாரமும் கிடையாது. யாராவது கொடுக்க முன்வந்தால் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிலோ காவல் நிலையத்திலோ புகார் செய்யுங்கள்.

புரோட்டீன் பவுடர்: ஆரோக்கியமான பெரியவருக்கு எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் போதும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது ஏறத்தாழ 50 கிராம். தசை வளர்க்கப் புரதப் பவுடர்களைத் தவிர்க்குமாறு 2024-இல் வெளியான அதன் உணவு வழிகாட்டுதல் சொல்கிறது. விற்பனையில் கமிஷன் கிடைப்பதாலும் சிலர் பவுடரை வற்புறுத்தக்கூடும். மருத்துவரைக் கேட்டு வாங்குவதாக இருந்தாலும், டப்பாவில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 14 இலக்க உரிம எண் இருக்கிறதா என்று பார்த்து, பில்லோடு வாங்குங்கள்.

அத்துமீறல்: தொட்டுத் திருத்துவதற்கு முன் அனுமதி கேட்பது பயிற்சியாளரின் கடமை. பெண் பயிற்சியாளர் வேண்டும் என்று கேட்கப் பெண்கள் தயங்க வேண்டாம். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம், அங்கே வேலை செய்யாத பெண்ணுக்கும் பாதுகாப்பளிக்கிறது. 10 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடத்தில் உள்ளகக் குழு இருக்க வேண்டும். அதைவிடச் சிறிய ஜிம் என்றாலோ, உரிமையாளர் மீதே புகார் என்றாலோ மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் 3 மாதத்துக்குள் புகார் தரலாம். உடனடி உதவிக்கு 181. காவல் நிலையத்துக்கு நேரடியாகவும் செல்லலாம்.

பணம் கட்டும்போது

முதலில் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள். எத்தனை வகுப்புகள், எதற்குள் முடிக்க வேண்டும், உடம்பு சரியில்லாமல் போனால் நிறுத்தி வைக்கலாமா, பயிற்சியாளர் மாறினால் என்ன, விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். பயிற்சியாளரின் சொந்தக் கணக்குக்கு அனுப்பாமல் ஜிம்மின் கணக்குக்கே பணம் செலுத்துங்கள். ஜிம் சேவைக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பில்லில் சரிபாருங்கள். பில் தர மறுப்பதே 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை.

"கட்டிய பணம் திரும்பத் தரப்படாது", "காயம் ஏற்பட்டால் நிர்வாகம் பொறுப்பல்ல" என்ற வரிகளில் கையெழுத்திட்டுவிட்டோமே என்று ஒதுங்கிவிடாதீர்கள். குறைபாடுள்ள சேவையை நிறுத்திக்கொண்டு பணத்தைத் திருப்பித் தர மறுப்பதும் அதே சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறைதான். ஒருதலைப்பட்சமான ஒப்பந்த விதிகள் நுகர்வோரைக் கட்டுப்படுத்தாது என்று 2019-இல் ஒரு அடுக்குமாடி வீட்டு வழக்கில் உச்ச நீதிமன்றமும் கூறியிருக்கிறது.

தவறு நடந்தால்

முதலில் தேதியிட்ட கடிதமோ மின்னஞ்சலோ அனுப்பிப் பணத்தைக் கேளுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே மனு தாக்கல் செய்யவும் வழி உண்டு. செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் தொடர வேண்டும். ஒப்பந்தமே நியாயமற்றது என்று அறிவிக்கக் கோருவதானால் மாநில ஆணையத்துக்குச் செல்ல வேண்டும்.

காயம் பட்டிருந்தால் அன்றே மருத்துவரிடம் காட்டி, எப்படி நேர்ந்தது என்பதைக் குறிப்பில் பதியச் சொல்லுங்கள். பில், ஒப்பந்தம், வாட்ஸ்அப் உரையாடல், மருத்துவச் சீட்டு எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். ஆணையம் உங்கள் பக்கம் நிற்பதற்கு இவைதான் சான்று. நேர்மையான பயிற்சியாளர் உங்கள் கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொல்வார், எழுத்திலும் தருவார். அப்படித் தருபவரிடம் மட்டும் பணம் கட்டுங்கள்.