இரும்புச் சைக்கிளா? இலேசுச் சைக்கிளா?
எம்மவர் சொல்வது என்ன?

ஐரோப்பாவுக்கு வந்த எம்மவர் பலருக்கு இந்த மண்ணில் முதன்முதல் சொந்தமான வாகனம் சைக்கிள்தான். அகதி முகாமிலிருந்து மொழி வகுப்புக்கும், விடியற்காலையில் பத்திரிகை போடவும், நள்ளிரவில் உணவகத்தில் கோப்பை கழுவி முடித்து வீடு திரும்பவும் அதுதான் துணை. பின்னர் காரும் வீடும் வந்தன. ஆனாலும் நெதர்லாந்து, டென்மார்க், ஜேர்மனி போன்ற நாடுகளில் வாழும் எங்கள் குடும்பங்களில் சைக்கிள் இல்லாத வீடு அரிது. பஸ் ஓடத் தொடங்கு முன்னர் வேலைக்குப் போகவேண்டியவருக்கு அது பொழுதுபோக்குச் சாமான் அல்ல. அது உடைந்தால் அன்றைய சம்பளமே உடைந்தமாதிரி.

அன்றாடப் பாவனைக்கு எந்தச் சைக்கிள் நல்லது? பாரமான பழைய இரும்புச் சைக்கிளா, இக்காலத்து இலேசான அலுமினியச் சைக்கிளா? தினமும் சைக்கிள் ஓடுகின்ற சிலரிடம் இதைக் கேட்டோம். ஆளுக்கொரு பதில் வந்தது.

ஊர்ச் சைக்கிளின் பலம்

இரும்புச் சைக்கிளைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் எங்கள் பெரியவர்கள் ஊருக்குத்தான் போவார்கள். இங்கிலாந்தின் நொட்டிங்காமில் செய்த றலி, ஹம்பர் போன்ற பெயர்கள் அவர்களுக்கு உறவினர் பெயர்கள் மாதிரி. பிற்காலத்தில் இலங்கைத் தயாரிப்பான லுமாலாவும் வந்து சேர்ந்தது. 1990இல் மீண்டும் போர் மூண்டு பொருளாதாரத் தடை இறுகிய பின்னர் யாழ்ப்பாணத்தில் பெற்றோலைக் காண்பதே அரிதாயிற்று. அந்த ஆண்டுகளில் சைக்கிளே லொறி, சைக்கிளே அம்புலன்ஸ், சைக்கிளே குடும்பக் கார். விறகுக் கட்டும் அரிசி மூட்டையும் கரியரில் போயின. கிளாலிக் கடல்நீரேரியைக் கடந்த வள்ளங்களில் ஆட்களோடு சைக்கிள்களும் ஏறின. மின்சாரம் இல்லாத வீடுகளில் சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, பெடலைச் சுற்றி, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டார்கள். 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமம் மக்கள் ஒரே இரவில் வெளியேறியபோது நாவற்குழிப் பாலத்தடியில் நெருங்கி நகர்ந்த கூட்டத்தில் எத்தனை சைக்கிள்கள் எத்தனை வீட்டுச் சாமான்களைச் சுமந்தன என்பது கண்டவர்களுக்குத் தெரியும்.

இந்த அனுபவத்தோடு வந்தவர்களிடம் இரும்பைக் குறைசொல்ல முடியுமா? “தம்பி, இரும்பெண்டால் வளைஞ்சாலும் நிமிர்த்தலாம், வெடிச்சாலும் ஒட்டலாம். உங்கட புதுச் சைக்கிள் வெடிச்சால் குப்பைக்குத்தான்” என்றார் நெதர்லாந்தில் வாழும் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர். அவர் ஓடுவது பின்பெடல் பிறேக் உள்ள பழைய கறுப்புச் சைக்கிள். மூடிய செயின் கவர், பெரிய மட்காட், அகன்ற கரியர் எல்லாம் அதில் உண்டு. “மழையில ஓடினாலும் காற்சட்டையில சேறு படாது. வருசத்தில ரெண்டுதரம் எண்ணெய் விடுவன். வேற செலவு இல்லை” என்பது அவர் கணக்கு.

இளையவர்களின் வாதம்

பல்கலைக்கழகத்தில் படிக்கும் இளைஞர் ஒருவர் இதை ஏற்கவில்லை. “நான் நாலாம் மாடியில இருக்கிறன். கீழ விட்டால் களவு போகும். இருபது கிலோ இரும்பை ஒவ்வொரு நாளும் ஆர் தூக்கிறது?” என்று கேட்டார். மேடு பள்ளமான இடத்தில் வசிப்பவர்களும் இப்படித்தான் சொல்கிறார்கள். தட்டையான நெதர்லாந்தில் கியர் இல்லாமலே காலம் தள்ளலாம். சுவிற்சர்லாந்தின் ஏற்றங்களிலும் நோர்வேயின் பேர்கன் நகரிலும் அது முழங்காலுக்கு வேட்டு. அண்மைக் காலத்தில் நெதர்லாந்தில் விற்கப்படும் புதுச் சைக்கிள்களில் ஏறக்குறைய பாதி மின்சாரச் சைக்கிள்களே. எங்கள் பெரியவர்களில் சிலரும் அதற்கு மாறிவிட்டார்கள்.

தாய்மாரின் எண்ணம்

இரண்டு பிள்ளைகளின் தாய் ஒருவர் சொன்னது எங்களைச் சிந்திக்க வைத்தது. “இரும்போ அலுமினியமோ எனக்குத் தெரியாது. முன்னுக்கு ஒரு பிள்ளை, பின்னுக்கு ஒரு பிள்ளை, ஹாண்டிலில மரக்கறிப் பை. சிக்னலில நிக்கேக்க சரியாமல் நிக்கவேணும். கால் நிலத்தில படவேணும். அவ்வளவுதான்.”

அவர் கேட்பது பார் இல்லாத, காலைத் தூக்காமல் ஏறக்கூடிய பிறேமும், இரண்டு கால் வைத்த உறுதியான ஸ்ராண்டும். பிள்ளைகளை ஏற்றுபவருக்குச் சைக்கிளின் பாரம் ஒரு குறையல்ல, அது ஆடாமல் நிற்பதே முக்கியம். ஊரில் சைக்கிள் பழகாத தாய்மார் பலர் இங்கே முப்பது, நாற்பது வயதில் பழகியிருக்கிறார்கள். நெதர்லாந்திலும் டென்மார்க்கிலும் குடிவந்த பெண்களுக்கென்று சைக்கிள் வகுப்புகள் நடப்பதுண்டு. கணவர் காரில் கொண்டுபோய் விடும்வரை காத்திருந்த ஒருவர், தானே மொழி வகுப்புக்கும் வைத்தியரிடமும் போய்வருவது சிறிய விடயமா?

யார் சொல்வது சரி?

உலோகத்தின் தன்மையைப் பார்த்தால் இரு பக்கத்திலும் உண்மை இருக்கிறது. உருக்கு அலுமினியத்தைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு பாரமானது. ஆனால் விறைப்பும் ஏறக்குறைய மூன்று மடங்குதான். அதனால்தான் அலுமினிய பிறேமின் குழாய்களைத் தடிப்பாகச் செய்கிறார்கள். இதனால் இரண்டு பிறேம்களுக்கும் இடையே மிஞ்சும் வித்தியாசம் பெரும்பாலும் ஓரிரு கிலோதான். பழைய சைக்கிளின் மீதிப் பாரம் செயின் கவர், கரியர், ஸ்ராண்ட், பூட்டு ஆகியவற்றிலிருந்து வருகிறது.

இன்னொரு விடயம் களைப்பு. மனிதரைப்போல உலோகமும் திரும்பத் திரும்பப் படும் சுமையால் களைக்கும். உருக்குக்கு ஓர் எல்லை உண்டு. சுமை அந்த எல்லைக்குக் கீழே இருந்தால் அது எத்தனை இலட்சம் தடவையும் தாங்கும். அலுமினியத்துக்கு அப்படியொரு தெளிவான எல்லை இல்லை, சிறு சுமைகளும் மெல்லச் சேரும். நல்ல தயாரிப்பாளர்கள் இதை அறிந்தே குழாய்களைத் தடிப்பாக்குகிறார்கள். ஆகவே நல்ல அலுமினியச் சைக்கிளும் பல ஆண்டுகள் ஓடும். ஒட்டுவதைப் பற்றிப் பெரியவர் சொன்னதும் சரி. உருக்கு பிறேமைச் சாதாரண பட்டறையிலும் ஒட்டலாம். அலுமினியத்தை ஒட்டியபின் அதன் பலத்தை மீட்க மீண்டும் வெப்பப் பதம் கொடுக்க வேண்டியிருப்பதால், செலவுக்குப் புதிதே வாங்கலாம்.

இரும்பின் பகைவன் துரு. அதிலும் பனிக்காலத்தில் வீதியில் தூவும் உப்பு பொல்லாதது. பெயின்ற் உரிந்த இடத்தை உடனே மூடாவிட்டால் ஊரில் முப்பது வருடம் ஓடும் சைக்கிள் இங்கே ஐந்தாறு பனிக்காலத்தில் கறள் கட்டிவிடும்.

பழைய சைக்கிள் வாங்குவோர் கவனத்துக்கு

முதலாவது, பிறேம் இலக்கம். டென்மார்க்கில் விற்கும் ஒவ்வொரு சைக்கிளிலும் அது பொறித்திருக்க வேண்டும். இலக்கத்தைச் சுரண்டியிருந்தால் விலை எவ்வளவு மலிவென்றாலும் கைவைக்க வேண்டாம். ஜேர்மனியச் சட்டப்படி, களவுப் பொருளைத் தெரியாமல் வாங்கினாலும் அது உங்கள் சொத்தாகாது. விஸா அலுவல்கள் முடியாமல் இருப்பவர்கள் இதில் இரட்டிப்புக் கவனமாக இருக்கவேண்டும். விற்பவரின் பெயரும் இலக்கமும் எழுதிய ஒரு துண்டு வாங்கி வையுங்கள்.

இரண்டாவது, பிறேக். குரோம் பூசிய பழைய இரும்பு ரிம்மில் றப்பர்க் கட்டை பிடிக்கும் பிறேக் மழையில் வழுக்கும். நிறுத்த வேண்டிய தூரம் பலமடங்கு கூடும். ஹப்புக்குள் இருக்கும் டிரம் பிறேக்கோ பின்பெடல் பிறேக்கோ நனைவதில்லை. மழை நாடுகளுக்கு அதுவே உகந்தது.

மூன்றாவது, முன்போர்க். பிறேமை நிமிர்த்தலாம் என்ற துணிவில் வளைந்த முன்போர்க்கையும் நிமிர்த்தி ஓடாதீர்கள். அதை மாற்றுவதே பாதுகாப்பு.

நான்காவது, ரயர் அளவு. பழைய ஆங்கிலேயச் சைக்கிள்களின் 28 அங்குலச் சில்லும் இன்றைய 28 அங்குலச் சில்லும் ஒன்றல்ல. பழையதன் ரிம் அளவு 635 மில்லிமீற்றர், இன்றையது 622. ரயரின் பக்கத்தில் எழுதியிருக்கும் எண்ணைப் பாருங்கள். 635 எல்லாக் கடையிலும் கிடைக்காது.

ஐந்தாவது, வெளிச்சம். ரயரில் உரசும் டைனமோ மழையிலும் பனியிலும் வழுக்கி விளக்கு அணையும். முன்சில்லின் ஹப்புக்குள் உள்ள டைனமோவுக்கு அந்தக் குறை இல்லை. கறுப்பு ஜக்கெற் போட்டு, வெளிச்சமில்லாத சைக்கிளில் வேலை முடிந்து வருபவரை வாகனச் சாரதிக்குத் தெரியவே தெரியாது.

முடிவாக

தட்டையான ஊரில், சைக்கிளை நிலத்தில் நிறுத்த இடமுள்ளவருக்கும், பிள்ளைகளையும் சாமான்களையும் ஏற்றுபவருக்கும் கியர் மூன்று உள்ள இரும்புச் சைக்கிள் இன்றும் நல்ல தெரிவு. மாடியேற்றுபவரும் மலை ஏறுபவரும் இலேசானதை வாங்கட்டும். எதை வாங்கினாலும் பனிக்காலம் தொடங்குமுன் ஒரு சனிக்கிழமை அதற்கு ஒதுக்குங்கள். உப்பைக் கழுவி, செயினுக்கு எண்ணெய் விட்டு, பிறேக்கைப் பார்த்து, விளக்கைப் போட்டுப் பாருங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துச் செய்யுங்கள். ரியூபுக்கு ஒட்டுப் போடத் தெரிந்த பிள்ளை எந்த நாட்டிலும் நடுவீதியில் நிற்காது.