குளிர்காலமும் காற்றமுக்கியின் எண்ணெயும்



தை மாதத்து விடியற்காலையில் நுவரெலியாவிலே ஒரு வீட்டைக் கற்பனை செய்து பாருங்கள். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலுள்ள ஊர் அது. அந்நாட்களில் அங்கே புல்நுனிகளில் உறைபனி படிவதும் உண்டு. வீட்டோடு ஒட்டிய சிறு பட்டறையில் ரயருக்குக் காற்றடிக்கவும் வர்ணம் தெளிக்கவும் ஒரு காற்றமுக்கி இருக்கின்றது. வழக்கிலே நாம் கொம்பிரசர் என்று சொல்வது அதைத்தான். வீட்டுக்காரர் ஆளியைப் போடுகிறார். மோட்டர் முனகுகின்றதேயன்றிச் சுழலவில்லை. சற்று நேரத்தில் ட்ரிப் சுவிச்சு விழுந்துவிடுகின்றது. மின்சாரம் குறைவு போலும் என்று எண்ணி அவர் மீண்டும் மீண்டும் ஆளியைப் போடுகிறார். இறுதியில் எரிந்த வாடை வருகின்றது. மோட்டரின் கம்பிச்சுருள் கருகிவிட்டது. அன்றைய வேலையும் போயிற்று, கைப்பணமும் போயிற்று.

இவ்விழப்புக்குக் காரணம் பெரும்பாலும் மின்சாரமன்று. பெட்டிக்குள் இருக்கும் எண்ணெயே.

இதனை விளங்கிக்கொள்ள அடுக்களைக்குப் போனாற் போதும். யாழ்ப்பாணத்திலே தண்ணீர்போல் ஓடும் தேங்காயெண்ணெய், நுவரெலியாவிலே போத்தலுக்குள் வெண்கட்டியாகி நிற்கின்றது. ஏறத்தாழ 24 பாகை செல்சியசுக்குக் கீழே அது உறையத் தொடங்குகின்றது. இயந்திர எண்ணெய் அவ்வளவு எளிதில் உறைவதில்லை. ஆயினும் குளிரக் குளிரத் தடிக்கின்றது. திரவமொன்று ஓடுவதற்குக் காட்டும் இந்தத் தடையையே பாகுநிலை என்கிறோம்.

காற்றமுக்கிக்குள்ளே உருளை ஒன்றும், அதனுள் மேலும் கீழும் ஓடும் முசலம் ஒன்றும் உள்ளன. முசலத்தை இயக்கும் வளைதண்டு, அடியிலுள்ள பெட்டியில் எண்ணெயை அளைந்து தெறித்தபடி சுழல்கின்றது. அவ்வாறு தெறிக்கும் எண்ணெயே உருளையின் சுவரையும் தாங்கிகளையும் உராய்விலிருந்து காக்கின்றது. எண்ணெய் தேன்போல் தடித்துவிட்டால் இரு தீங்குகள் நேர்கின்றன. மோட்டர் அந்தத் தடையை வென்று சுழல முடியாமல் திணறுகின்றது. மோட்டர் புறப்படும் கணத்திலே வழமையைவிட ஐந்தாறு மடங்கு மின்னோட்டத்தை இழுப்பது இயல்பு. சுழலாமல் நின்றுவிட்டால் அந்த மின்னோட்டம் குறையாது நீடித்துக் கம்பிச்சுருளைச் சுட்டெரிக்கின்றது. மற்றது, சுழலத் தொடங்கினாலும் தடித்த எண்ணெய் வேண்டிய இடத்துக்கு விரைந்து சென்று சேர்வதில்லை. அதுவரை உலோகத்தோடு உலோகம் உராய்கின்றது.

அப்படியாயின் தகுந்த எண்ணெயைத் தெரிவது எங்ஙனம்? போத்தலின்மேல் அச்சிட்ட இலக்கங்களே வழிகாட்டிகள். ஐ.எஸ்.ஓ. வி.ஜி. 100 என்று எழுதியிருந்தால், 40 பாகை செல்சியசில் அந்த எண்ணெயின் பாகுநிலை செக்கனுக்கு 100 சதுர மில்லிமீற்றர் அளவில் உள்ளது என்பது பொருள். 68, 46 என இலக்கம் இறங்க இறங்க எண்ணெய் மெலிதாகின்றது. எஸ்.ஏ.ஈ. 30 என்று கராஜுகளில் வழங்குவது ஏறத்தாழ வி.ஜி. 100க்கும், எஸ்.ஏ.ஈ. 20 ஏறத்தாழ வி.ஜி. 68க்கும் ஒப்பானவை. சாதாரணக் கனிய எண்ணெய் வி.ஜி. 100, உறைநிலைக் குளிரில் பத்து மடங்குக்கும் மேலாகத் தடித்துவிடும் என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

கொழும்பிலோ மட்டக்களப்பிலோ வி.ஜி. 100 நன்று. மலைநாட்டுக் குளிருக்கு, இயந்திரத்தின் கைந்நூல் இடந்தருமாயின், வி.ஜி. 68 ஏற்றது. கனடாவின் ரொறன்ரோ போன்ற நகரங்களிலே நம்மவர் பலர் வாழ்கின்றனர். அங்கே சூடேற்றாத கராஜில், பூச்சியத்துக்குப் பத்துப் பாகை கீழான குளிரில் நிற்கும் அமுக்கிக்குக் கனிய எண்ணெய் போதாது. அங்கே செயற்கை முறையில் ஆக்கிய கொம்பிரசர் எண்ணெயே தகும். அதிலே மெழுகுப்பொருள் இல்லாமையால் கடுங்குளிரிலும் அது ஓடும். சூட்டிலும் எளிதில் மெலிவதில்லை.

மெலிந்த எண்ணெய் எளிதில் ஓடுமாயின், மிக மெலிந்ததையே ஊற்றினால் என்ன என்று சிலர் கேட்கலாம். அதுவும் பிழையே. காலையில் குளிர்ந்திருக்கும் அதே இயந்திரம், சிறிது நேரம் ஓடியதும் கையால் தொடமுடியாத அளவுக்குச் சூடேறுகின்றது. அப்போது மெல்லிய எண்ணெய் முசல வளையங்களைக் கடந்து மேலேறிக் காற்றோடு கலக்கின்றது. வர்ணம் தெளிக்கும்போது அது புள்ளி புள்ளியாய் விழுந்து வேலையைக் கெடுக்கும். வால்வுகளிலே வெந்து கரியாகப் படியும். ஆகவே தையல் இயந்திரத்து எண்ணெயையோ அடுக்களை எண்ணெயையோ ஒருபோதும் ஊற்றலாகாது.

வாகனங்களுக்குரிய என்ஜின் ஒயிலையும் ஆராயாது ஊற்றுதல் நன்றன்று. அதிலே அழுக்கையும் நீரையும் தன்னோடு கலந்து வைத்திருக்கும் கழுவுபொருள்கள் சேர்க்கப்பட்டுள்ளன. வாகனத்தில் அழுக்கைப் பிரித்தெடுக்க வடிகட்டி உண்டு. சிறிய காற்றமுக்கியிலோ பொதுவாக அது இல்லை. இங்கே நீர் பிரிந்து அடியில் தங்குவதே நலம். ஆயினும் சில உற்பத்தியாளர்கள் குளிர்காலத்துக்கு 5டபிள்யூ-30 போன்ற செயற்கை என்ஜின் ஒயிலை அனுமதிக்கின்றனர். கைந்நூல் அவ்வாறு சொன்னால் தயங்காது பயன்படுத்தலாம்.

எண்ணெயை மாற்றுமுன் இயந்திரத்தைச் சிறிது நேரம் ஓட்டிச் சூடாக்குங்கள். பின்னர் மின்னிணைப்பை முற்றாகக் கழற்றித் தாங்கியிலுள்ள காற்றை வெளியேற்றுங்கள். பழைய எண்ணெயை முழுவதும் வடித்தபின், கண்ணாடித் துளையின் நடுப்புள்ளி மட்டும் புதியதை ஊற்றுங்கள். இருவகை எண்ணெயைக் கலக்க வேண்டா. எண்ணெயின்றி ஓடுமாறு அமைத்த அமுக்கியாயின் அதற்கு ஒரு துளியும் ஊற்றலாகாது.

குளிர்ந்த காலையிலே, தாங்கியின் அடியிலுள்ள வடிகுழாயைத் திறந்துவிட்டு ஆளியைப் போடுங்கள். எதிரமுக்கம் இல்லாமையால் மோட்டர் இலகுவாய்ச் சுழலும். சில நிமிடம் ஓடிச் சூடேறியபின் குழாயை மூடலாம். அப்போதும் மோட்டர் முனகினால் உடனே ஆளியை நிறுத்துங்கள். மீண்டும் மீண்டும் முயல வேண்டா. நெருப்புச் சுவாலையால் எண்ணெய்ப் பெட்டியைச் சூடாக்குதல் பேராபத்து. நீளமான மெல்லிய மின்வயரில் இணைத்தாலும் மின்னழுத்தம் குன்றி மோட்டர் திணறும். வேலை முடிந்ததும் தாங்கியில் தேங்கிய நீரை வடித்துவிடுங்கள். உள்ளே துரு அரித்த தாங்கி ஒருநாள் வெடிக்கவும் கூடும்.

ஒரு போத்தல் எண்ணெயின் விலையையும் புதிய மோட்டரின் விலையையும் ஒப்பிட்டுப் பார்த்தால், எது சிக்கனம் என்பது தானே விளங்கும். நுவரெலியா நண்பர் மறுமுறை கடைக்குப் போகும்போது, "ஒரு போத்தல் ஒயில் தாருங்கள்" என்று மட்டும் கேளாது, இலக்கத்தையும் சொல்லிக் கேட்பாராயின், அடுத்த தை மாதத்திலும் அவருடைய பட்டறை முடங்காது இயங்கும்.