உங்களுக்குத் தெரியுமா? சுருட்டுப் பெட்டிக்கும் வேம்புக்கும் உறவு!

● ஆங்கிலத்தின் ‘செரூட்’ நம் ‘சுருட்டு’தான். காரைக்குடியிலிருந்து சுமார் 90 கி.மீ. தொலைவிலுள்ள திருச்சியின் சுருட்டுச் சாம்பல், 1887இல் வெளியான முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலில் கொலையாளியைக் காட்டும் தடயங்களுள் ஒன்று!

● சுருட்டுக்குக் காற்றில் 65–70 சதவீத ஈரப்பதம் வேண்டும். குறைந்தால் மேலிலை வெடிக்கும். கூடினால் பூஞ்சணம் பூக்கும்.

● செட்டிநாட்டுக் கோடையில் இன்னோர் ஆபத்து, புகையிலை வண்டு. வெப்பம் ஏற ஏற முட்டைகள் விரைந்து பொரிந்து, புழுக்கள் சுருட்டைத் துளைத்துவிடும்.

● இதற்கெனவே ‘ஸ்பானிஷ் சீடர்’ மரப்பெட்டி. பெயர்தான் சீடர், அது தேவதாரு இனமல்ல, நம் வேம்பின் குடும்பம்! அதன் மணம் பூச்சிக்கு ஆகாது. மரமோ ஈரத்தை வாங்கி மெல்லத் திருப்பித் தரும்.

● எப்படிக் காத்தாலும் புகையிலை உடலுக்குக் கேடே.